512-க்கும் 327-க்கும் நடுவே

இருபது வருடங்களுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதியதை மூஞ்சிக்கு நேரே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவள் ஒரே ஒருத்திதான். அதுவும் இந்த வருடம்தான். அதுவும் விருதுநகரில் என் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே!

அவள் செய்தது சரி என்பதுதான் கொடுமை.

பெயர் பாண்டிச்செல்வி. ஊர் எம். புதுப்பட்டி. வயது பத்தொன்பது. இந்தப் பத்தியின் வாசகி. ஜனவரி மாதம் ஒருநாள் மெயில் போட்டிருந்தாள். நாலே வரி.

'அக்கா, ஒரு காலேஜுக்கு அப்ளை பண்ணுதேன். பாரத்துல ஒரு கட்டம் இருக்கு. மார்க் ஏன் கம்மின்னு முந்நூறு வார்த்தைக்குள்ள எழுதணுமாம். நீங்கதான் வாராவாரம் எழுதுதீகளே, கொஞ்சம் சொல்லித் தருவீகளா?'

வாம்மா என்றேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டாள். ஒல்லியான உடம்பு, பெரிய பை, பைக்குள் ஒரு கட்டுக் காகிதம். பாரத்தைப் பார்த்தேன். வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு டிசைன் கல்லூரி. நாற்காலி, சக்கர வண்டி, கருவிகள் என்று மனிதர் புழங்கும் பொருட்களை வடிவமைக்கச் சொல்லித் தருகிற படிப்பு. சீட்டோ கொஞ்சம். கேட்டு நிற்கும் கூட்டமோ நாடு முழுக்க. சிவகாசி நூலகத்தில் பேப்பர் படிக்கும்போது அதைப் பற்றித் தெரிந்துகொண்டாளாம்.

அப்புறம் மார்க் ஷீட்டைப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பில் 600-க்கு 512. பன்னிரண்டாம் வகுப்பில்... 327.

"என்னம்மா ஆச்சு?"

"அம்மா போன வேன் கவுந்துருச்சுக்கா."

அவள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருடம். அம்மா மாரியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். ஒருநாள் அந்த வேன் வளைவில் சாய்ந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. மாரியம்மாளுக்கு இடுப்பிலும் வலது காலிலும் முறிவு. மதுரையில் ஆபரேஷன், கம்பி, அப்புறம் நாலு மாதம் படுக்கை. அப்பா இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லை. வீட்டில் இருந்தது செல்வி மட்டும்தான். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனால் பெரிது. கெமிஸ்ட்ரி பரீட்சை அன்றைக்கு அம்மா பாத்ரூமில் விழுந்துவிட, தூக்கி உட்கார வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அரைமணி நேரம் தாமதமாகப் போய் எழுதியிருக்கிறாள்.

அப்புறம் ஒரு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை.

கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. எழுத்தாளர் இல்லையா! 'நீ காபியைக் குடி' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் முந்நூறு வார்த்தை. 'இருள் சூழ்ந்த அந்த நாட்களில் கண்ணீரே என் பாடப்புத்தகமாக இருந்தது' என்று ஆரம்பம். முடித்ததும் எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

செல்வி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"நல்லாத்தான் எழுதிருக்கீகக்கா. ஆனா... இதுல எங்கம்மா செத்துப்போன மாதிரி இருக்கு."

"சேச்சே, அப்படி எங்கே எழுதியிருக்கேன்?"

"எழுதலதான். படிச்சா அப்பிடித் தோணுது. அதுவும் போக, நான் அம்புட்டு அழுகலக்கா. அழுகுறதுக்கு எங்க நேரம்? வேலை நெறையா இருந்துச்சு."

என்ன வேலை என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ரஃப் நோட்டு. புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் படம். ஒரு கட்டில். கட்டிலுக்குக் கீழே செங்கல். ஜன்னல் கம்பியில் கட்டிய சேலை. பாத்ரூமுக்காக நடுவில் வட்டமாக அறுத்த பிளாஸ்டிக் சேர். எல்லாவற்றுக்கும் அளவு வேறு குறித்திருக்கிறாள்.

"இதைத்தான் எழுதேன்" என்றேன்.

எழுதினாள். மேஜையின் அந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்து, அடித்து அடித்து, இரண்டு மணி நேரம். தமிழில் எழுதியதை நாங்கள் இருவரும் சேர்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனோம். என் பங்கு ஸ்பெல்லிங் பார்த்தது மட்டும். அதிலிருந்து கொஞ்சம் அவள் அனுமதியோடு:

'அம்மா என்னைவிடக் கனம். கட்டில் உயரம் குறைவு. ஒரு நாளைக்கு ஆறு தடவை தூக்க வேண்டும். மூன்றாம் நாள் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கட்டில் கால்களுக்குக் கீழே ஒரு செங்கல் வைத்தேன். போதவில்லை. இரண்டு வைத்தேன். அம்மாவின் பாதம் தரையில் படவில்லை. ஒன்றரைச் செங்கல் சரியாக இருந்தது. உடைத்த செங்கல் வழுக்கியது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். அதற்குப் பிறகு கட்டிலில் இருந்து அம்மாவை நான் தூக்கவில்லை. சேலையைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்தார். 327 என்னுடைய மார்க்தான். ஆனால் அந்த வருடம் நான் சும்மா இருக்கவில்லை.'

நான் எழுதிய 'இருள் சூழ்ந்த' காகிதத்தை எடுத்து மடித்து, யாரும் பார்க்காத இடத்தில் வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மார்க் ஷீட் பொய் சொல்வதில்லை. 327 என்றால் 327தான். ஆனால் நான் பார்த்த எத்தனையோ பாரங்களில் பெயர், அப்பா பெயர், சாதி, மார்க் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. 'என்னம்மா ஆச்சு?' என்று கேட்க ஒரு கட்டம்? அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

சரி, கதைக்கு வருவோம்.

மதுரையில் நுழைவுத் தேர்வு எழுதினாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! வீடியோவில்தான். அவள் வீட்டில் சிக்னல் சரியில்லை என்று என் வீட்டுக்கே வந்தாள். லேப்டாப்பை வைத்துக் கொடுத்துவிட்டு, நல்ல பிள்ளையாக வெளியே வந்து... கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். முதல் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறினாள். பிறகு "மேடம், தமிழ்ல சொல்லலாமா?" என்று அவளே கேட்டாள். அவர்களில் ஒரு அம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அடுத்து அவரே தமிழில் ஒரு கேள்வி போட்டார்.

"இங்கே படிப்பு கஷ்டம். நாளைக்கு வீட்டில் மறுபடி ஒரு பிரச்சினை வந்தால் என்னம்மா செய்வே? மறுபடியும் மார்க் இப்படித்தானே ஆகும்?"

எந்தப் பிள்ளையும் என்ன சொல்லும்? 'இல்லை மேடம், படிப்புதான் எனக்கு முக்கியம்' என்று சொல்லும். செல்வி சொன்னாள்:

"வந்தா லீவு போட்டுட்டு ஊருக்குப் போவேன் மேடம். எங்கம்மாவ விட்டுட்டு இருக்க மாட்டேன். ஆனா இந்தத் தடவ நாலு மாசம் ஆகாது. எப்பிடிச் செய்யணும்னு இப்பத் தெரியும்ல."

நான் கதவுக்கு வெளியே தலையில் அடித்துக்கொண்டேன். அடிப்பாவி! கிடைக்கிற சீட்டையும் கெடுத்துக்கொண்டாயே!

ஜூனில் லிஸ்ட் வந்தது. தேர்வானவர்களில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தது... நாலாவதாக.

"நாலு பேரு வேணாம்னு போகணும்க்கா. அம்புட்டுதான்" என்றாள் போனில், சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை. அந்தக் கல்லூரியை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏதோ சான்றிதழ் வேலையாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் இருந்தேன். மதியம் ஒன்றரை மணி. போனில் ஒரு மெயில். அவள் பாரத்தில் இரண்டாவது தொடர்புக்கு என் மெயிலைத்தான் கொடுத்திருந்தாள். இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கட்டணச் சலுகையும் உண்டு. இன்று மாலை நான்கு மணிக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்!

செல்விக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப்.

அப்போதுதான் உறைத்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சரி, நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று லிங்கைத் தட்டினால்... ஓடிபி கேட்கிறது. அது செல்வியின் நம்பருக்குத்தான் போகும்!

ஸ்கூட்டியை எடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் எனக்கு நானே பேசிக்கொண்டு, லோடு லாரிகளுக்குப் பின்னால் ஹாரன் அடித்து, எம். புதுப்பட்டியில் கம்பெனியைக் கண்டுபிடிப்பதற்குள் மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

கேட்டில் வாட்ச்மேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்னம்மா? யாருக்கும் எதுவும் ஆயிருச்சா?"

"இல்லண்ணே, நல்ல விஷயம்தான். பேக்கிங்ல பாண்டிச்செல்வின்னு ஒரு பொண்ணு. உடனே வரணும்!"

"வரச் சொல்லுதேன். பதறாதீக. இங்கன சத்தம் போடக் கூடாது."

போர்மேனுக்குச் சொல்லி அனுப்பினார். பேக்கிங் ஷெட் அந்தக் கடைசியில். ஒரு ஷெட்டுக்கும் அடுத்த ஷெட்டுக்கும் நடுவே நிறைய இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள். தூரத்தில் ஒரு உருவம் தெரிந்தது. செல்விதான். நடந்து வருகிறாள். நடந்து!

நான் இரண்டு கையையும் தூக்கி, ஓடி வா ஓடி வா என்று ஆட்டினேன்.

வாட்ச்மேன் பாய்ந்து வந்து தடுத்தார். "ஏம்மா, கையக் கீழ போடுங்க! உள்ள ஒரு ஆள் ஓடுனா என்ன அர்த்தம்னு தெரியுமா? எங்கனயோ வெடிச்சிருச்சுன்னு அம்புட்டுப் பேரும் ஓடுவாக!"

கையைக் கீழே போட்டேன். அவள் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தாள். ஷெட் வாசல்களில் பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அவள் முகம் தெரிகிற தூரத்துக்கு வந்ததும் எனக்குச் சுரீரென்றது. முகத்தில் ரத்தமே இல்லை. கேட்டுக்கு வந்து அவள் கேட்டது ஒரே வார்த்தை.

"அம்மாவுக்கா?"

"இல்லடி! சீட்டு! உனக்குச் சீட்டு! நாலு மணிக்குள்ள ஓகே சொல்லணும்!"

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா நல்லாருக்காகளா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். நல்லாருக்காங்க என்றேன். அப்புறம்தான் எழுந்தாள்.

போனை வாங்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் வந்தோம். ஆன் ஆவதற்கு அது எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே... சிக்னல் ஒரு புள்ளி வந்தது, போனது, மறுபடி வந்தது. ஓடிபி. ஆறு எண். அவசரத்தில் முதல் தடவை தப்பு. இரண்டாவது ஓடிபி. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வாட்ச்மேன் அண்ணனும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாற்பதுக்குப் பச்சை டிக் வந்தது.

நான் கத்திவிட்டேன். ரோட்டில்தானே நிற்கிறேன்! செல்வி கத்தவில்லை. ஓடினாள். அந்த ரோட்டில் வளைவு வரைக்கும் ஒரே ஓட்டம். திரும்பி வந்தாள். மறுபடியும் ஓடினாள். மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்று, "அக்கா, இன்னைக்கு ஆர்டர் போகணும். உள்ள ஆள் பத்தாது" என்று சொல்லிவிட்டு, போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போனாள். பழையபடி நிதானமாக நடந்துதான்.

மாரியம்மாளிடம் சொல்ல நான்தான் போனேன். கம்பை ஊன்றி வாசலுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் விழுந்து அவ படிப்பக் கெடுத்துட்டேன்னு ராத்திரிப் பகலா அரிச்சுக்கிட்டே இருந்துச்சும்மா" என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காபி குடிக்கீகளா? சீனி தூக்கலாப் போடுதேன், இன்னைக்கு" என்று அவரே அடுப்படிக்கு நடந்தார்.

மல்லாங்கிணற்றில் இருந்து அவர் தங்கை துணைக்கு வந்துவிட்டார். ஆகஸ்டில் செல்வி ரயில் ஏறினாள்.

போன வாரம் பேசினாள். முதல் பாடத்துக்கு மார்க் போட்டுவிட்டார்களாம். பத்துக்கு நாலு. நான் பதறிப்போய், என்னம்மா ஆச்சு, உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவதா என்று அடுக்கினேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"ஒண்ணும் ஆகலக்கா. அம்மா நல்லாருக்காக, நானும் நல்லாருக்கேன். நல்லாத் தூங்கி, நல்லாச் சாப்பிட்டு, நானே சொதப்பிட்டேன்!"

ஒரு பிள்ளை தன் தப்புக்கு மட்டும் மார்க்கை இழப்பது எவ்வளவு பெரிய வசதி என்று இத்தனை வயதில்தான் எனக்குத் தெரிந்தது.