பாட்டனி சீட்டு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த ஒரே ஆள் என் மாமா, அம்மாவின் அண்ணன். கேரள எல்லையில், பாறசாலை ஊருக்கும் செங்கல் ஊருக்கும் இடையில், எங்கள் சொந்தத்தில் எந்தப் பிள்ளை பிளஸ் டூ முடித்தாலும் அவர் வீட்டுக்குத்தான் கூட்டிப் போவார்கள். அப்பா அங்கே கை கட்டி நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குச் செடிகளைப் பற்றிப் படிக்க வேண்டும். டாக்டர் கனவெல்லாம் இல்லை, பாட்டனி, அவ்வளவுதான். அப்பா கொத்தவேலைக்குப் போகிறவர். அரசு உதவி பெறும் கல்லூரி, பஸ்ஸில் போய்வரும் தூரம். அது கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் துணிக்கடை வேலை. இது மாமாவுக்கும் நன்றாகத் தெரியும்.

என்னையும் தன் மகளையும் அவர் ஒன்றாகவே கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப் போனார். அவளும் என் வகுப்புதான், என்னைவிட மார்க் குறைவு. விண்ணப்பத்தில் வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில் கொடுத்தால், மார்க்கைப் பார்த்துச் சுற்றுச் சுற்றாகச் சீட்டு ஒதுக்குவார்கள், அதுதான் அலாட்மென்ட். நான் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கல்லூரியின் பாட்டனியை முதலில் போடச் சொன்னேன்.

"பாட்டனி படிச்சு என்னத்துக்கு மக்கா, புல்லு பறிக்கவா? பயோடெக்னாலஜிய மேல போடு. அதாக்கும் இப்ப மார்க்கெட்டு."

"அது பைசா கூடுதல் உள்ள காலேஜில்லா மாமா?"

"மெரிட்டுல கிட்டினா பைசா ஒண்ணும் ஆவாது, கேட்டியா."

எனக்குப் பயோடெக்னாலஜியை முதலிலும் பாட்டனியை இரண்டாவதாகவும் போட்டார், தன் மகளுக்கு மட்டும் பாட்டனியை முதலில் போட்டார். அவள் மார்க்குக்கு அது போதும் என்றார். அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, கழுதை நான்.

முதல் அலாட்மென்டில் எனக்கு அந்தப் பாட்டனியே கிடைத்தது. மாமா மகளுக்கு எதுவும் இல்லை. அம்மா அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு டிசெக்ஷன் பாக்ஸ் வாங்கி வந்தாள். பிளேடு, ஊசி, இடுக்கி, சின்ன பிரஷ். நான் மரச்சீனிக் கிழங்குச் செடியின் தண்டை மெல்லிசாகச் சீவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஆயுசிலே அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

ஒரு வேலை பாக்கி இருந்தது. மேலே போட்ட பயோடெக்னாலஜியை நீக்க வேண்டும். நீக்காவிட்டால் அடுத்த அலாட்மென்டில் அது வந்து விழும், கையில் இருக்கும் சீட்டு தானாகப் போய்விடும். ஓடிபி வருவதோ மாமாவின் போனுக்கு. அம்மாவும் நானும் போய்க் கேட்டோம். "அத நான் பாத்தோளாம். நீ சமாதானமா போ மக்கா" என்றார்.

இரண்டாவது அலாட்மென்ட் வந்த அன்று மாமா லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். "கிட்டிச்சு மக்கா, பயோடெக்னாலஜி!"

மலைப்பக்கத்து அந்தச் சுயநிதிக் கல்லூரிக்கு அப்பாவும் நானும் போனோம். "மெரிட் என்னு பறஞ்ஞால் ஃப்ரீ அல்ல சேட்டா" என்றார் கிளார்க், ஃபீஸ் பட்டியலை நீட்டி. மலையாளத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அப்பாவால் கட்ட முடியாத தொகைதான் அது. பழைய சீட்டைத் திருப்பிக் கேட்க வழியில்லை என்றும் சொன்னார்.

நான் வெளியே போன அதே அலாட்மென்டில் மாமா மகள் உள்ளே வந்திருந்தாள். அதே கல்லூரி, அதே பாட்டனி.

மாமா வீட்டுக்கு ஓடினேன். அம்மா பின்னாலேயே வந்தாள். "அத எதுக்கு நீக்கல்ல மாமா?"

"மறந்துபோச்சு மக்கா. மனுசனுக்கு மறதி வராதா?"

"உங்க மோளுக்கு ஒண்ணும் மறக்கல்லியே?"

கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தது மாமா இல்லை, அம்மா. "அண்ணன்கிட்ட நாக்க நீட்டுதியா? அவரு இல்லேங்கி நமக்கு ஆரு உண்டு?"

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். மாமா நன்றாகத்தான் இருக்கிறார். வீட்டுக்கு மாடிகூடக் கட்டினார், அப்பாதான் கொத்தனார்.

அந்த வருஷம் மாமா மகளுக்குக் கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள் அம்மா அந்த டிசெக்ஷன் பாக்ஸைத் தேடி எடுத்தாள். "நீ இனி இத வச்சு என்னத்த செய்யப்போற? வா, கொண்டு குடுத்திட்டு வருவோம்." என் கையிலேயே கொடுத்து, என்னையே சுமக்க வைத்தாள். நடந்தே போனோம்.

மாமி பெட்டியைத் திறந்தாள். பிளேடில் மரச்சீனிப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. "இதென்ன கறை? பழசா?"

அம்மா பிளேடை வாங்கி முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "புதுசுதான் மைனி. இவ தொட்டுக்கூடப் பாக்கல்ல" என்றாள்.

மாமாவைக்கூட நான் அந்த அளவுக்கு வெறுத்ததில்லை.