முப்பத்தோராம் நாள் பிந்திய காரணம்

அக்காவின் இந்த நினைவு மலர் பிந்தி வருகிறது. அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, கிரியை நடக்காமல் திரும்பிய உறவினர்கள் பல கதை கட்டினீர்கள். நடந்ததைத் தம்பி நான் எழுதுகிறேன்.

அக்கா கொக்கட்டிச்சோலையில் பிறந்தார். போரில் ஷெல் பட்ட அப்பாவின் கால் புண்ணைப் பள்ளிக்கூடம் போகுமுன் கழுவிக் கட்டியவர் அவர்தான். அந்தப் புண் அப்பா சாகும்வரை ஆறவில்லை. ஏன் என்று கேட்டுத்தான் அக்கா விஞ்ஞானியானார். காயத்துக்கு ஓடிவந்து, செத்த தசையைத் தின்று, புதுத் தசை வளர வழிவிடும் நோயெதிர்ப்பு அணுக்களைக் கொழும்பில் கடைசிவரை ஆராய்ந்தார். கலியாணம் வேண்டாம் என்றார். அதற்கும் பேசினீர்கள்.

செத்தவீட்டில் பெரிய மாமா, "ஊருக்கெல்லாம் புண் ஆத்தப் படிச்சவ, தன்ட வருத்தத்த மாத்த ஏலாமப் போயிற்றே" என்றார். வந்தது ஈரல் புற்றுநோய், மாமா. புண் அல்ல.

நோயில் கிடந்தபோது தன் இரத்தத்தைக் கொடுத்து அந்த அணுக்களை வளர்க்கச் சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாள் படையல் வைக்கும் நேரம், அவரோடு வேலை செய்த தோழி கொழும்பிலிருந்து போனில் கோல் எடுத்தார். அக்காவின் அணுக்கள் ஆய்வுகூடத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்றார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து ஒரு வீடியோவும் அனுப்பினார். தட்டில் பரவிய அணுக்களின் நடுவே ஊசிக் கீறல். அதை நோக்கி அவை ஊர்ந்துகொண்டிருந்தன.

அம்மா போனைப் பறித்து, "மகள்" என்று கூப்பிட்டார். அவை ஊர்ந்தன. ஐயர் மணியைக் கீழே வைத்தார்.

"இதுக்கு ஆளைத் தெரியுமா மனே?" என்று அம்மா தோழியிடம் கேட்டார்.

"இல்லம்மா. காயம் எங்கயோ, அங்க போகும்."

"அப்ப அவள்தான். உயிரோட கிடக்கிற புள்ளைக்குப் பிண்டம் வைக்க மாட்டன்."

"தங்கச்சி, அப்ப நாம புதைச்சது ஆர?" என்றார் பெரிய மாமா.

"அவளத்தான்."

கிரியை முடியாததால் வீடு சாவுத் துடக்கிலேயே கிடந்தது. சாமி விளக்கு ஏற்றவில்லை. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கும் போகவில்லை. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தோழி எடுக்கும் போதெல்லாம் அம்மா, "சாப்பாடு குடுத்தாச்சா?" என்று கேட்பார். "சாப்பாட்டுத் தண்ணி மாத்தினம் அம்மா" என்பார் தோழி.

ஒரு காலை தோழி எடுத்து, புதிதாகப் போட்ட கீறலை நோக்கி ஒன்றும் ஊரவில்லை, அது அப்படியே கிடக்கிறது என்றார். அம்மா போனை என்னிடம் தந்தார்.

"எல்லாரும் துடக்குக் கழிய முழுகுங்க" என்றார்.

அதன் பிறகுதான் கிரியை செய்தோம். சொன்னவுடன் வந்த ஐயருக்கும், அம்மாவுக்குப் பொய் சொல்லாத தோழிக்கும் நன்றி. மற்றவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைக் காட்டச் சொல்லாதீர்கள். கேட்டால் அம்மா காட்டுவார். காட்டும்போது கூப்பிடுவார்.