ஒட்டுத்தூண்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. நான் கொத்தன். சுவருக்குப் பூசத் தெரியும், பேச்சுக்குப் பூசத் தெரியாது.

1936, தை மாதம், ஒரு வியாழக்கிழமை. கோயமுத்தூரில் ஒரு மாதா கோயில். பேர் வேண்டாம், இன்றும் அங்கே பூசை நடக்கிறது.

முதலில் பார்க்கிறவர்கள் அதைச் சர்க்கார் கச்சேரிக் கட்டடம் என்றே நினைப்பார்கள். கோபுரம் கிடையாது. முகப்பில் நான்கு உருண்டைத் தூண்கள், அவற்றின் தலையில் முக்கோணமாக ஒரு நெற்றி, அவ்வளவுதான். உள்ளே இரண்டு பக்கமும் ஆறாறு தூண்கள், மேலே வளைவுக்கூரை. பூவேலை, பொம்மைவேலை எதுவும் இல்லை. அளவுதான் அதற்கு அழகு. சலவைக்கல் என்று தூணைத் தொட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் செங்கல்! சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. முகம் தெரியும்.

தேய்க்கத் தொடங்கினால் காயும்வரை ஓரிரு நிமிஷத்துக்கு மேல் கையை எடுக்கக் கூடாது. நடுவில் நிறுத்தினால் அங்கே ஒட்டு விழும். பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் அதை மறைக்க முடியாது.

இடது வரிசையில் மூன்றாவது தூணில் அப்படி ஓர் ஒட்டு இருந்தது. கோயில் கட்டியபோது, எண்பது வருஷத்துக்கு முன்னால், தேய்த்துக்கொண்டிருந்த கொத்தன் பாதியில் கல்லைப் போட்டுவிட்டு ஓடினானாம். வீட்டில் காலரா. மறுநாள் வேறு ஆள் வந்து முடித்திருக்கிறான். இடுப்பு உயரத்தில் அரைஞாண் மாதிரி ஒரு கோடு. ஊரே அதை ஒட்டுத்தூண் என்றது. அதைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசும் வேலை எனக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை திருவிழா, பிஷப் வருகிறார். ஓடிப்போன அந்தக் கொத்தனை நினைத்து நான் சிரித்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மதியம் இரண்டு மணி. மெருகு தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. என் மைத்துனன் தம்பிதுரை சைக்கிளில் வந்து நின்றான்.

"மாமா, அக்காளுக்கு வலி கண்டிருச்சுங்க. உங்களப் பாக்கோணும்னு அழுகுதுங்க."

"மருத்துவச்சி?"

"சாமியாத்தாக்கா இருக்கறாங்க. ஆனா... கொஞ்சம் சிரமம்ங்கறாங்க."

தூணைப் பார்த்தேன். ஈரம் பளபளத்தது.

"அஞ்சு மணிக்கு முடிஞ்சிரும். நீ முன்னால போ."

என் மனைவி கோமளாவுக்கு அது முதல் பிரசவம். முதல் பிரசவம் மெதுவாகத்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காற்றுப் பட்டால் பூச்சு சீக்கிரம் காய்ந்துவிடும். கதவுகளைச் சாத்தினேன். உள்ளே நானும், சுண்ணாம்பு எடுத்துக் கொடுக்கும் சித்தாள் ராசம்மாளும்தான். அந்தக் கூரைக்குக் கீழே எந்தச் சத்தமும் இரண்டாகக் கேட்கும்.

சர்க்... சர்க்...

மூன்றே முக்கால். எனக்குப் பின்னால் வளையல் சத்தம்.

சுண்ணாம்பு வேலைக்கு ராசம்மாள் வளையல் போட்டுக்கொண்டு வருவதில்லை. அது நினைவுக்கு வந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

நாலு மணி. விளக்கெண்ணெய் வாசம்... கோயிலுக்குள் ஏது?

மெருகில் ஓர் உருவம் தெரிந்தது. தூண் உருண்டை என்பதால் ஒல்லியாக இழுபட்டுத் தெரிந்தது. ஒரு பெண். கை இடுப்பில் இருந்தது. முகம் தெரியவில்லை.

சர்க்... சர்க்...

சுவர்க்கடிகாரத்தில் நாலு பத்து.

"ஏனுங்க... வாரேனுங்க."

மெல்லிய குரல். கூரையில் பட்டு இரண்டு தடவை கேட்டது.

ராசம்மாள் வீட்டுக்குப் புறப்படுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் போகிறவர்கள் போறேன் என்று சொல்ல மாட்டார்கள். திரும்பாமலே பதில் சொன்னேன்.

"செரி, போயிட்டு வா."

மெருகில் உருவம் இல்லை.

கதவு திறந்த சத்தமும் இல்லை.

திரும்பினேன்... யாரும் இல்லை.

கதவுக்கு ஓடினேன். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

திறந்தேன். வெளியே மரத்தடியில் ராசம்மாள் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப உள்ள வந்தயா?"

"இல்லீங்க மேஸ்திரி. நான் மூணு மணிக்கே வெளிய வந்துட்டனுங்க. நீங்கதான பின்னாலயே தாழ்ப்பாப் போட்டீங்க?"

போட்டது நான்தான். வேலை மும்முரத்தில் மறந்திருக்கிறேன். கல் எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினேன்.

பீளமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே அதே விளக்கெண்ணெய் வாசம். ஒரு பச்சைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. பெண் குழந்தை. கோமளாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

தூணில் மறுபடியும் ஒட்டு விழுந்துவிட்டது. கோயில் சாமியார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அந்தக் கோயிலுக்குள் பிறகு போகவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மருத்துவச்சி சாமியாத்தாள் குழந்தையைப் பார்க்க வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"அம்மணி கொழந்தையப் பெத்துப்போட்டு உசுரப் புடிச்சுட்டே கெடந்துச்சுங்க. நாலு மணிக்கு மேல இருக்கும். வாசப்பக்கம் பாத்து, 'ஏனுங்க, வாரேனுங்க'ன்னுச்சு. ஆருகிட்டக் கண்ணு சொல்றேன்னு கேட்டேன். என்னைப் பாக்கவே இல்ல. காதக் குடுத்துக் கேட்டுட்டே இருந்துச்சு..."

"அப்புறம்?"

"அப்பறம் மொகம் தெளிஞ்சுதுங்க. 'அவரு செரின்னுட்டாரு'ன்னு சொல்லிக் கண்ண மூடிருச்சுங்க."