பேசாமல் தொட்டுப் பார்

மலாயா சுதந்திரம் பெற்ற சமயத்தில் காஜா பேராங் என்ற ஊரின் தாய்சேய் கிளினிக்கில் மருத்துவச்சி மாணவிகளுக்குச் செய்முறை சொல்லிக்கொடுத்தேன். கர்ப்பிணியின் வயிற்றைத் தொட்டு, பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்ல வேண்டும். ஒரு மாணவி மட்டும் தவறியதே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. கை வைக்குமுன் தாயிடம் மலாயில் குசுகுசுவென்று பேசுவாள். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், மலாய் புரியாது. முன்பு பரிசோதித்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், என்ன சொன்னாள் என்று தாயிடமே கேட்டுக்கொள்கிறாளோ?

ஒருநாள் கம்போங் செட்டி என்ற கிராமத்திலிருந்து, மலாய் மட்டுமே பேசும் நிறைமாதப் பெண் ஒருத்தி முதன்முறையாக வந்தாள்.

"இன்னைக்கு வாயைத் திறக்காம பாரு," என்றேன்.

மாணவி கை வைத்தாள். "ஒண்ணும் தெரியல மிஸ்ஸி. வயிறு கல்லாட்டம் இருக்கு."

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தபடி நானே தொட்டேன். அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கல்தான்.

"பயப்படுறாங்க மிஸ்ஸி. பேசவா?"

தலையாட்டினேன். அவள் ஏதோ கேட்க, பெண் சிரித்தாள், வயிறு இளகியது.

"தலை கீழ, முதுகு இடப்பக்கம்," என்றாள் மாணவி. தொட்டுப் பார்த்தேன். சரிதான்.

"என்ன கேட்ட?"

"வீட்டுல என்ன சமையல்னு."

"அவ்வளவுதானா?"

"பிள்ளை எந்தப் பக்கம் உதைக்குதுன்னும் கேட்டேன். வலப்பக்கம்னா முதுகு இடப்பக்கம்தானே மிஸ்ஸி."

அதன்பின் எல்லா மாணவிகளையும் பேச விட்டேன். ஆனாலும் என் மனம் முழுதாக நம்பவில்லை. அந்த வாரமே மலாய் கற்கத் தொடங்கினேன். அவள் தாய்மாரிடம் இன்னும் என்னவெல்லாம் கேட்கிறாள் என்று என் காதாலேயே கேட்க வேண்டியிருந்தது.