சிவமலருக்கு எது விருப்பம்

சிவமலர் சாப்பாட்டுப் பிரியை. அவளைத் தெரிந்த ஒருவரும் இதை மறுக்கமாட்டார்கள். அவளுக்கு எந்தச் சாப்பாடு உயிர் என்பதில்தான், அவள் இறந்த பிறகு, வீட்டில் சண்டை வந்தது.

சண்டை எட்டுச் செலவைப் பற்றியது. யாழ்ப்பாணத்துச் சனம் எங்கே போனாலும் விடாத வழக்கம் அது. இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, வாழையிலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். இறந்தவர் வந்து கடைசியாக ஒரு தடவை சாப்பிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. இவர்கள் குடும்பத்தில் மச்ச மாமிசமும் படைப்பார்கள். ஒரே ஒரு விதி: படைத்து முடியும்வரை அதில் ஒருவரும் வாய் வைக்கக்கூடாது.

ஒஸ்லோவில் எட்டு எட்டாம் நாளில் வருவதில்லை. தகனத்துக்கு நாள் கிடைக்க வேண்டும். பிறகு வேலைக்குப் போகிறவர்களுக்கு லீவு வேண்டும். ஆகவே நவம்பர் கடைசிச் சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள்.

அதற்கு முதல்நாள் பின்னேரம், எல்லிங்ஸ்ருட்டில் சிவமலரின் வீட்டுக் குசினியில் மூன்று பேர் இருந்தார்கள். மகன் சயூரன். சிவமலரின் அக்கா கமலேஸ்வரி, வெஸ்ட்லியிலிருந்து ரயில் மாறி வந்தவள். மேல்மாடி ஸ்ரீதரன், தேத்தண்ணி குடிக்க வந்தவர், குடித்து முடித்தும் எழும்பவில்லை.

"கணவாய்க் கறி," என்றாள் கமலேஸ்வரி. "என்ரை கணவாய்க் கறி எண்டால் அவளுக்கு உயிர். 'அக்கா, இந்தக் கறிக்கு ஒஸ்லோவையே எழுதிக் குடுக்கலாம்' எண்டவள்."

ஸ்ரீதரன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்பிடியோ? எங்கடை வீட்டுப் பால்புட்டுக்கும் அதைத்தானே எழுதிக் குடுத்தவா."

"உம்மடை மனுசியின்ரை புட்டைத் தூக்கி எறிஞ்சால் யன்னல் உடையும்."

"அதுதான் அக்கா, நல்ல உறுதியெண்டு புகழ்ந்தவா."

சயூரன் காற்றோட்டப் பொறியியலாளன். ஒரு கட்டடத்துக்குள் காற்று எந்த வழியால் வந்து எந்த வழியால் போக வேண்டும் என்று கணக்குப் போடுவது தொழில். தெரியாத ஒன்றை அறிய அவனுக்குத் தெரிந்த வழி, பல இடங்களில் அளந்து பார்ப்பது. காலையிலிருந்து அம்மா சாப்பிடப் போகும் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்துக் கேட்டிருந்தான். ஒரு வீட்டில் இறால் வடை என்றார்கள். இன்னொரு வீட்டில் ஆட்டுக்குடல் வறுவல். கீழ்மாடிச் சோமாலியப் பெண் சமோசா மாதிரியான சம்பூசா என்றாள். எல்லோரும் சத்தியம் செய்யாத குறை. எல்லோருக்கும் சிவமலர் ஒஸ்லோவை எழுதிக் கொடுத்திருந்தாள்.

"தம்பி, நீ சொல்லு," என்றாள் கமலேஸ்வரி. "நீதானே மகன். கொம்மாவுக்கு எதடா விருப்பம்?"

சயூரனுக்குத் தெரியவில்லை. ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டு வளர்ந்தவனுக்குத் தெரியவில்லை. ஓர் இலை. ஒரு தடவை. பிழைத்தால் திருத்த முடியாது.

"நாளைக்குச் சொல்லுறன், பெரியம்மா," என்றான்.

சிவமலருக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. சமையலில் ஆர்வம் இல்லை. வீட்டில் சோறு, பருப்பு, ஒரு மீன். அவளுடைய கெட்டித்தனமெல்லாம் சாப்பிடுவதில்தான். சயூரன் சிறுவனாக இருந்தபோதே புருசன் போய்விட்டான். பகலில் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலை. சனி ஞாயிறில் மகனையும் இழுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சாப்பிடப் போவாள். வாரம் ஒருமுறை வரும் கடைத் தள்ளுபடித் தாளை மற்றவர்கள் தொடர்கதை படிப்பதுபோல் படிப்பாள்.

நவம்பர் அவளுடைய மாதம். கந்தசட்டி வந்தால் பால் பழத்தோடு விரதம் இருப்பாள். அம்மெருட் கோயிலில் விரதம் முடித்து, அன்னதானமும் ஓய்ந்த பிறகு, மடைப்பள்ளியிலிருந்து கடைசி ஆளாக வெளியே வருவாள். அடுத்த கிழமையே காப்பகத்து ஆட்களோடு லூட்டபிஸ்க் தின்னப் போவாள். சாம்பல் காரத்தில் ஊறி, நடுங்கும் பசையாக வருகிற மீன் அது. நோர்வேக்காரர் பலரே மூக்கைச் சுளிப்பார்கள். "மீன் செய்த பிழை என்ன, அதுக்கும் ஒரு நியாயம் இருக்குத்தானே," என்பாள். பிறகு கடைகளில் பாதாம் இனிப்பில் செய்த மசிப்பான் பன்றிக்குட்டிகள் வரும். பிறகு மார்லா வீட்டு விருந்து.

மார்லா அமெரிக்காக்காரி. நோர்வேக்காரனைக் கட்டி மோர்டென்ஸ்ருட்டில் குடியிருக்கிறாள். சிவமலரோடு அதே காப்பகத்தில் வேலை. நோர்வேக்காரர் கல்கூன் என்கிற வான்கோழியை வாட்டி, அவள் நாட்டில் நன்றி சொல்லும் விருந்து வியாழக்கிழமை. ஒஸ்லோவில் வியாழன் வேலைநாள் என்பதால் அவளும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுவாள். இந்த வருடம் அந்தச் சனியும் எட்டுச் செலவுச் சனியும் ஒன்றாகிவிட்டன.

எந்த விருந்துக்குப் போனாலும் சிவமலர் சட்டி கழுவ நின்றுவிட்டுத்தான் வருவாள். "நீங்கள் போய் இருந்து கதையுங்கோ, நான் பாக்கிறன்," என்று வீட்டுக்காரியைக் குசினியால் கலைத்துவிடுவாள். அதனால் அவளுக்கு நல்ல மனுசி என்று பெயர். சயூரன் முதல் சம்பளத்தில் ஒன்றும் ஒட்டாத சட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தான். விலை கூடியது. இரண்டு கிழமை கழித்து அது பெரியம்மா வீட்டில் இருந்தது. "எனக்குச் சரிவராது தம்பி," என்றதோடு அம்மா கதையை முடித்துவிட்டாள்.

சனி காலை மார்லா அழைத்தாள். விருந்து நாலு மணிக்குத்தான், ஆனால் மத்தியானம் வந்தால் அம்மாவுக்கு வைக்க ஒரு பங்கு முதலிலேயே எடுத்துத் தருகிறேன் என்றாள்.

கமலேஸ்வரி கறிவேப்பிலை உருவிக்கொண்டு இருந்தாள். "கல்கூனையோ? ஜாம் பூசின வான்கோழியையோ என்ரை தங்கச்சிக்குப் படைக்கப் போறாய்?"

"ஜாம் பக்கத்திலைதான் வைக்கிறது, பெரியம்மா."

"எங்கை வைச்சாலும் ஜாம் ஜாம்தான். போட்டு வா. கணவாய் ஒருபக்கம் கிடக்கட்டும்."

மோர்டென்ஸ்ருட் குசினியில் வான்கோழி அப்போதுதான் அடுப்பால் வந்து பலகையில் இருந்தது. மார்லா சயூரனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சநேரம் விடவில்லை. பிறகு கத்தியை எடுத்தாள். அவர்கள் நோர்வேஜிய மொழியில் பேசினார்கள்.

"எந்தப் பாகம் வேண்டும்?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன்," என்றான் சயூரன். "அம்மாவுக்கு இதில் எது பிடிக்கும்?"

"வான்கோழிக்குள் ரொட்டி உதிர்த்து அடைக்கும் என் பாண் கலவை என்று சொல்ல ஆசைதான். அதற்கு ஒஸ்லோவையே எழுதிக் கொடுக்கலாம் என்றாள்." மார்லா கத்தியை நிறுத்தினாள். "ஆனால் உண்மையைச் சொன்னால் சிவா மேசையில் கனக்கச் சாப்பிட்டதே இல்லை. எல்லோரையும் சாப்பிடவிட்டு, பிறகு இங்கே நிற்பாள்."

கழுவுதொட்டியைக் காட்டினாள்.

"நான் கழுவுகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். ஒருநாள் கரண்டி எடுக்க வந்தேன். வான்கோழி வாட்டின தட்டை இப்படி இடுப்பில் அணைத்துக்கொண்டு நிற்கிறாள். அடியில் பிடித்ததை அகப்பையால் சுரண்டி, பாணில் பூசி, கண்ணை மூடிக்கொண்டு தின்கிறாள். என்னைக் கண்டதும் கள்ளப் பிள்ளைமாதிரி முழித்தாள். பிறகு எனக்கும் ஒரு துண்டு தந்தாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் கழுவுவது."

சயூரன் அடுப்பின் மேல் இருந்த தட்டைப் பார்த்தான். மூலைகளில் கறுத்து, நடுவில் தேன் நிறத்தில், வெங்காயமும் கொழுப்பும் தோலும் பிடித்துப் போயிருந்தது. வீட்டில் அம்மா சட்டி சுரண்டுவதை அவன் எத்தனையோ தரம் கண்டிருக்கிறான். அதை மிச்சம் பிடிக்கிற குணம் என்று நினைத்திருந்தான். ஒன்றும் ஒட்டாத சட்டி ஏன் சரிவரவில்லை என்பது இப்போது விளங்கியது.

"மார்லா, இறைச்சி வேண்டாம். இந்தத் தட்டைத் தருவீர்களா?"

மார்லா தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "இதில்தான் நான் கிரேவி செய்ய வேண்டும். பன்னிரண்டு பேர் வருகிறார்கள்." பிறகு ஒரு பெருமூச்சு. "கொண்டு போ. உருளைக்கிழங்குக்கு வெண்ணெய் போடுவேன். கிரேவி இல்லாமல் ஒருவரும் சாகமாட்டார்கள்."

சொன்னபிறகுதான் சொன்னது உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டாள். சயூரன் சிரித்துவிட்டான். தகனத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல்.

இரண்டு துவாயால் சுற்றின தட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தான். பெட்டி முழுக்க மணத்தது. எதிரில் இருந்த கிழவி, "கல்கூனா?" என்று கேட்டாள்.

"அதன் அடி," என்றான். அவள் விளங்கினமாதிரித் தலையாட்டினாள்.

வீட்டில் சனம் வரத் தொடங்கியிருந்தது. குசினி மேசை முழுக்க அவர்கள் சமைத்துக் கொண்டுவந்த சட்டிகள். கமலேஸ்வரி துவாயை விலக்கிப் பார்த்தாள்.

"இறைச்சி எங்கை?"

"இறைச்சி இல்லை. அடிச்சட்டி. அம்மாவுக்கு உதுதான் விருப்பம்."

"உனக்கென்ன விசரே தம்பி? எல்லாரும் திண்டு முடிச்சு மிஞ்சுறதை அல்லோ அடிச்சட்டி எண்டுறது. ஒருத்தரும் வாய் வைக்க முதல் அல்லோ படைக்கிறது. எச்சிலையோ என்ரை தங்கச்சிக்கு வைப்பாய்?"

"இதிலை ஒருத்தரும் வாய் வைக்கேல்லை. கல்கூனைத் தூக்கினவுடனை எடுத்துக்கொண்டு வந்தனான். கேளுங்கோ பெரியம்மா. அம்மா உங்கடை வீட்டிலை சட்டி கழுவ நிக்கிறவா எல்லோ?"

"ஓம். எனக்கு முழங்கால் ஏலாதெண்டு அவள்தான்..."

"கதவைச் சாத்திக்கொண்டோ?"

கமலேஸ்வரி கதிரையை இழுத்து இருந்தாள். தட்டின் மூலையில் கறுத்திருந்ததை நகத்தால் ஒருதரம் தொட்டுப் பார்த்தாள்.

"சின்னனிலை அடிச்சட்டிக்கு அவளுக்கும் எனக்கும் சண்டை," என்றாள். "நான் மூத்தவள் எண்டு அம்மா எனக்குத்தான் தருவா. அவள் வாயைப் பாத்துக்கொண்டு நிப்பாள். நான் குடுத்ததில்லை. கள்ளி. இவ்வளவு காலமும் எனக்கு உதவி செய்யிறாள் எண்டெல்லோ நினைச்சனான்."

எழும்பினாள். கணவாய்க் கறி முழுவதையும் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றினாள். வெறும் சட்டியைத் திரும்ப அடுப்பில் வைத்து நெருப்பைக் கூட்டினாள்.

"என்ன செய்யிறியள்?" என்றார் ஸ்ரீதரன்.

"அடி பிடிக்க விடுறன். எல்லாரும் உங்கடை சட்டியளைக் கொண்டு வாங்கோ. கறியை வழிச்சு ஊத்துங்கோ. அடி மட்டும் எனக்கு வேணும்."

"புட்டுக்கு அடி இல்லையே அக்கா! அவிக்கிற நீத்துப்பெட்டியையோ சுரண்டுறது?"

"பால்புட்டுக்குப் பால் காய்ச்சினதோ இல்லையோ? அந்தச் சட்டியை மனுசி கழுவிறதுக்கு முதல் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாரும்!"

ஸ்ரீதரன் சப்பாத்தும் போடாமல் ஈரம் படிந்த மாடிப்படியில் ஓடினார். நாலு அடுப்பிலும் நாலு வெறும் சட்டிகள் தீய்ந்தன. குடல் வறுவலின் சட்டி புகைந்தது. தீ எச்சரிக்கைக் கருவி கத்தத் தொடங்கியது. சயூரன் கதிரையில் ஏறி அதைக் கழற்றினான். கட்டடங்களில் அந்தக் கருவியைக் கழற்றுகிறவர்களுக்கு அறிக்கை எழுதுகிறவன் அவன். பிறகு புகைபோக்கியை உச்சத்துக்குத் திருப்பி, எதிர்ப்பக்க யன்னலையும் திறந்துவிட்டான். அதுவாவது ஒழுங்காக நடந்தது. புகை போகும் வழியால் போனது.

சிவமலரின் படுக்கையறையில் இலை விரித்தார்கள். படத்துக்கு முன்னால் விளக்கு. கமலேஸ்வரி அகப்பைக் காம்பால் சுரண்டிச் சுரண்டி வைத்தாள்: கணவாயின் கறுத்த மசாலா, குடல் பிடித்த கருகல், ஸ்ரீதரன் மூச்சிரைக்கக் கொண்டுவந்த சட்டியிலிருந்து பழுப்பு நிறப் பாலாடை. நடுவில் சயூரன் வான்கோழியின் அடியை வைத்தான். பக்கத்தில் ஒரு துண்டு பாண். சோறும் கறிகளும் வழக்கப்படி சுற்றிவர இருந்தன. தூரத்தில் நின்று பார்த்தால் வடிவான படையல் இல்லை. சமையல் பிழைத்த வீடு மாதிரி இருந்தது.

தேவாரம் பாடி முடித்தார்கள். எல்லோரும் வெளியே வந்ததும் சயூரன் கதவைச் சாத்தினான்.

ஒடுங்கின நடை. பத்துப் பதினைந்து பேர் குளிர்ச் சட்டைகளுக்கு இடையில் நெருங்கி நின்றார்கள். சயூரன் கதவுக்கு மிகக் கிட்ட நின்றான். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. இருக்கும் என்று அவன் நினைக்கவும் இல்லை. ஆனாலும் காது அந்தப் பக்கமே இருந்தது.

வழக்கமாக நிற்கும் நேரம் கடந்தது. பசியில் ஒரு குழந்தை சிணுங்கியது. ஸ்ரீதரன் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றார். காலுறை நனைந்திருந்தது.

"அக்கா, திறப்பமே? இவ்வளவு நேரம் காணும்தானே?"

சயூரன் பெரியம்மாவைப் பார்த்தான். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"பொறும் ஸ்ரீதரன்," என்றாள். "பாண் துண்டாலை துடைச்சு முடிக்கட்டும்."