ஆளைப் பார்த்தே சொல்லிவிடும் அத்தான்

எங்கள் வீட்டு வாசல் மணி அடித்தால், கதவைத் திறக்கும் முன்பே யார் வந்திருக்கிறார்கள் என்று அத்தான் சொல்லிவிடுவார். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "கேஸ்காரர்" என்பார். "மாடி வீட்டம்மா, ஏணி கேக்க வந்திருக்காங்க" என்பார். அக்கா போய்த் திறப்பாள். பத்துக்கு ஆறு தடவை சரியாக இருக்கும். சரியாக இருந்த ஆறையும் அவர் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். தவறிப்போன நான்கும் கதவை மூடுவதற்குள் அவருக்கு மறந்துவிடும். எனக்கு மறக்காது. ஆனால் நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அக்காவின் முதல் பிரசவத்துக்குத் துணையாக வந்த நான் அப்படியே அந்த வீட்டில் தங்கிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் கூடத்தில் தரை துடைக்கும் வேலையை எனக்கு அத்தான்தான் விசாரித்து வாங்கிக் கொடுத்தார். அவரும் அங்கேதான் கார் ஓட்டினார். அதனால் வீட்டிலும் வேலையிலும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வாய்த்தவள் நான் ஒருத்திதான். அக்காவுக்கு அரை நாள் அத்தானைத்தான் தெரியும்.

அவர் வேலை இதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கள் ஊரில் இருக்கும்போதே கணினியில் கார் பதிவு செய்துவிடுவார்கள். பணத்தை மட்டும் வந்து இறங்கிய பிறகு ஓட்டுநர் கையில் ரொக்கமாகத் தருவதாகச் சொல்லியிருப்பார்கள். நிறுவனம் அத்தானுக்கு ஒரு சீட்டுக் கொடுக்கும். பெயர், வயது, விமானம், எத்தனை பேர், எங்கே இறக்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்று அதில் இருக்கும். பயணியின் பெயரைப் பலகையில் எழுதிக் கம்பித் தடுப்பருகே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பயணி வந்ததும் அவர் கையில் இருக்கும் பதிவுக் காகிதத்தை வாங்கிச் சரிபார்த்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.

பலகை எழுதுவது நான். அந்த ஆங்கில எழுத்துகளை எனக்குக் கூட்டிப் படிக்கத் தெரியாது. சீட்டைப் பார்த்துக் கோலம் போடுகிறவள்போல ஒவ்வொன்றாக வரைவேன். அத்தான் அதை வாங்கி அக்குளில் செருகிக்கொள்வார். அதோடு சரி. ஒருநாளும் தூக்கிப் பிடித்ததில்லை.

"பேரை எழுதித் தூக்கிக் காட்டுறதுக்கு அவங்க என்ன காணாமப்போன ஆளா? வரும்போதே தெரியாதா நம்ம ஆளுன்னு?"

கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு கூர்மை வரும். வருகிறவரின் நடையையும் பெட்டியின் சக்கரத்தையும் பார்ப்பார். கண் எங்கே தேடுகிறது என்றும் பார்ப்பார். "அதோ" என்று சொல்லி ஒரு எட்டு முன்னால் வைப்பார். அவர்களும் சிரித்தபடி அவரை நோக்கி வருவார்கள். காகிதமும் கேட்கமாட்டார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வந்தவரிடம் காகிதம் கேட்பது போலீஸ்காரன் வேலை என்பார். மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பணம் வாங்குவதிலும் அப்படித்தான். வாய் திறந்து கேட்கமாட்டார். பெட்டிகளை வாசல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டு, வண்டிக்குத் திரும்பிவந்து கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பார். அவர்களாகக் கொண்டுவந்து கொடுக்கும்வரை அந்தக் கண்ணாடியில் அழுக்குப் போகாது.

பக்கத்தில் இன்னொரு நிறுவனத்தின் ஓட்டுநர் ஒருவர் நிற்பார். ஒல்லியாக, ஆறடிக்கு மேல் உயரம். பலகையைத் தலைக்கு மேலே பிடித்தால் பயணி வரும்வரை இறக்கமாட்டார். அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர். இரண்டு பேருக்கும் ஆகாது. வண்டி நிறுத்தும் இடத்தில் ஒற்றை மரம், அதன் நிழல் ஒரு காருக்குத்தான் வரும். சண்டைக்கு அது போதாதா?

"என்ன ஜோசியரே, இன்னிக்கு யாரு வராங்க? ராகு காலத்துக்கு முன்னாடி வருவாங்களா?" என்பார் கொடிக்கம்பம்.

"நீ கையைக் கீழ இறக்குப்பா. கம்பம்னு நெனச்சுக் காக்கா வந்து உக்காந்துடும்" என்பார் அத்தான்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நிறுவனத்துக்கு ஒரு புதிய மேனேஜரம்மா வந்தார். அத்தான்மேல் ஏற்கெனவே இரண்டு புகார் இருந்தது. ஒருமுறை டயர் பஞ்சராகித் தாமதமானது. இன்னொருமுறை, வெளிநாட்டு நோட்டு வாங்க முடியாது என்று சொல்லி, பணம் மாற்றுவதற்காகப் பயணியை வெயிலில் நடக்க வைத்துவிட்டார். மூன்றாவது புகார் வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டார். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வண்டி ஓடும். வண்டி ஓடினால்தான் வீடு ஓடும். அக்கா அன்றிலிருந்து தினமும் காலையில், "என்னங்க, அந்தப் பலகையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்களேன். கை தேஞ்சா போயிடும்?" என்று கேட்டாள்.

"நீ சும்மா இரு. உன்னையே நான் கூட்டத்துல பாத்துத்தான் கண்டுபிடிச்சேன்."

"அதுதான் சொல்றேன், பாத்துப் பண்ணுங்கன்னு."

அத்தான் ரொம்ப நேரம் சிரித்தார். பலகையை அக்குளில்தான் செருகிக்கொண்டு போனார்.

அன்று மதியம் ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் இறங்கின. கூடம் நிரம்பியிருந்தது. யாரோ பழரசத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று நான் தடுப்பருகே துடைத்துக்கொண்டிருந்தேன். அத்தானுக்கு அன்று ஒற்றைப் பயணி. அறுபது வயதுப் பெண்மணி, துறைமுகத்தின் பக்கம் உள்ள ஹோட்டலில் இறக்க வேண்டும். கதவு திறந்தது. நரைத்த தலையோடு, ஒரு சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்தார்.

"அதோ, நம்மம்மா" என்றார் அத்தான். ஒரு எட்டு முன்னால் வைத்தார். அந்த அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். முடிந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு, பலகையை வழக்கம்போல என் துடைப்பு வண்டியின் குப்பைப் பையில் போட்டுவிட்டு, அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அந்த அம்மாவின் முதுகைப் பார்த்தேன். பக்கத்தில் கொடிக்கம்பம் நின்றிருந்தார், பலகை தலைக்கு மேலே. போகும்போது அந்த அம்மா அந்தப் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இவர் நம் ஆள் இல்லையோ என்று எனக்குத் தோன்றியது. கூப்பிட்டிருக்கலாம். அத்தனை பேருக்கு நடுவில் சத்தம் போட்டுக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நினைத்துக்கொண்டு நிற்கும்போதே அவர்கள் வெளிக்கதவைத் தாண்டிவிட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து இன்னொரு அம்மா வந்தார். அவரும் நரைத்த தலைதான். பெரிய அட்டைப் பெட்டியைக் கயிறு கட்டித் தள்ளுவண்டியில் வைத்திருந்தார். கையில் ஒரு உறை. ஓட்டுநருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை எண்ணி உள்ளே வைத்து, மேலே வண்டி எண்ணை எழுதியிருந்தார். நம் வண்டியின் எண். எண்களை எனக்குப் படிக்கத் தெரியும்.

அத்தானுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டியில் பயணி இருந்தால் எடுக்கமாட்டார், அதையும் ஒரு மரியாதை என்பார். அந்த அம்மா தடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு போனார். திரும்பி வந்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

குப்பைப் பையில் கையை விட்டுப் பலகையை எடுத்தேன். ஓரத்தில் ஈரமாகியிருந்தது. துடைத்து, அந்த அம்மாவின் எதிரே போய்ப் பிடித்தேன். அவர் தன் பெயரைப் பார்த்தார். பிறகு என் சீருடையைப் பார்த்தார், துடைப்பு வண்டியின் கைப்பிடியில் தொங்கிய ஈரத்துணியைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

அவரை அப்படியே அழைத்துக்கொண்டு கொடிக்கம்பத்திடம் போனேன். அத்தனை வருடத்தில் அவரிடம் நான் பேசியதே இல்லை.

"அண்ணே, உங்க ஆளு வரமாட்டாங்க. எங்க அத்தான் கூட்டிட்டுப் போயிட்டாரு. இவங்கதான் அத்தானோட ஆளு."

கொடிக்கம்பம் பலகையை இறக்கினார். "என் ஆளைத் தூக்கிட்டுப் போயிட்டானா? ஜோசியனா?" முகம் சிவந்துவிட்டது. "நாப்பது நிமிஷமா கைவலிக்க நிக்கிறேன்மா நான்!"

"மன்னிச்சுக்கங்க அண்ணே."

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற? நீயா கூட்டிட்டுப் போன?" அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா இன்னும் என் கையை விடவில்லை. கொடிக்கம்பம் பெருமூச்சு விட்டார். "சரி, எந்த ஹோட்டலு?"

அதற்குள் அத்தானே கூப்பிட்டுவிட்டார்.

"அத்தான், நீங்க கூட்டிட்டுப் போனது நம்ம ஆளு இல்ல."

"தெரிஞ்சுபோச்சும்மா" என்றார். "ஹோட்டல்ல இவங்க பேரே இல்லையாம். காகிதத்தைக் காட்டினாங்க. வேற கம்பெனி, வேற இடம். பணத்தையும் குடுத்துட்டாங்க."

"இப்ப என்ன பண்றாங்க?"

"சோபாவுல உக்காந்து ஜூஸ் குடிக்கிறாங்க. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க. நான்தான் முழுங்க முடியாம நிக்கிறேன். அங்க நம்மம்மா?"

"கொடிக்கம்பம் அண்ணன் கூட்டிட்டு வராரு."

"அவனா?" என்றார் அத்தான்.

மீதியைக் கொடிக்கம்பம் ஒரு வாரம் கூடத்தில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். ஹோட்டல் வாசலில் அட்டைப் பெட்டிக்கார அம்மா இறங்கியதும் உறையில் எழுதிய எண்ணையும் அத்தானின் வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்து, உறையை அத்தானிடமே நீட்டினாராம். அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். "நான் கூட்டிட்டு வரல. அவருக்குக் குடுங்க." கொடிக்கம்பமும் வாங்கவில்லை. "சீட்டு உன் பேர்ல. உன் கம்பெனிக்கு நீ என்ன, உன் ஜாதகத்தையா கட்டுவ?" அந்த அம்மா உறையை நீட்டிக்கொண்டு ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குத் திரும்பிக்கொண்டே இருந்தாராம். பணம் வாங்க மாட்டேன் என்று இரண்டு ஓட்டுநர்கள் சண்டை போடுவதை அவர் எந்த நாட்டிலும் பார்த்திருக்கமாட்டார். கடைசியில் அவரவர் சீட்டுக்குரிய பணத்தை அவரவர் வைத்துக்கொண்டார்கள். ஜூஸ் குடித்த அம்மாவைக் கொடிக்கம்பம் தன் வண்டியில் ஏற்றிப் போய், போக வேண்டிய இடத்தில் இறக்கினார்.

இரண்டு அம்மாக்களும் புகார் செய்யவில்லை. ஒரு வாரம் போனது. அத்தானுக்கு மூச்சு வந்தது. அக்கா வாய் திறக்கவில்லை, அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை.

எட்டாவது நாள் மேனேஜரம்மா கூப்பிட்டனுப்பினார். அட்டைப் பெட்டிக்கார அம்மா நிறுவனத்துக்கு நன்றிக் கடிதம் எழுதியிருந்தார். முழுக்கப் பாராட்டு. ஓட்டுநர் வராதபோது ஈரத்துணியோடு ஒரு பெண் வந்து தன்னைக் காப்பாற்றியதாகவும், வேறு நிறுவனத்தின் உயரமான ஓட்டுநர் தன் காரில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததாகவும், இரண்டு ஓட்டுநர்களும் தங்கமானவர்கள் என்றும் எழுதியிருந்தார். ஐந்து நட்சத்திரமும் போட்டிருந்தார்.

மேனேஜரம்மா அதைப் படித்துக்காட்டிவிட்டு, "இது புகார் இல்ல. ஆனா இதைவிடப் பெரிய புகார் எனக்கு வந்ததே இல்ல" என்றாராம். தங்கள் பயணியை இன்னொரு நிறுவனத்தின் காரில் ஏற்றியது அவர்கள் சட்டப்படி மன்னிக்க முடியாதது. அன்றே பெயரை எடுத்துவிட்டார்கள்.

அத்தான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நல்லவங்கன்னு எழுதியிருக்காங்க."

"வேற யாரு எழுதணும்? எனக்குத் தெரியாததா?" என்று அக்கா எரிந்து விழுந்தாள். அடுப்படிக்குப் போய் அழுதாள். பிறகு அவருக்குப் பிடித்த மாதிரி டீயை ஸ்ட்ராங்காகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

ஐந்து வாரம் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அத்தான் தினமும் கழுவினார். கூடத்தில் அவர் நிற்கும் இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். கொடிக்கம்பம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் தானாகவே வந்தார்.

"உங்க அத்தானை எங்க ஆபீஸ் பக்கம் வரச் சொல்லும்மா. நான் சொல்லியிருக்கேன். ஆனா ஒண்ணு, எங்க இடத்துல பலகையையும் தூக்கணும், காகிதத்தையும் கேக்கணும். ஜோசியம் எல்லாம் வீட்டோட."

அதை நான் சொன்னபோது அத்தானுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அவன் சிபாரிசுல நான் போகணுமா?" என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை என்னிடம் வந்து, "அவங்க ஆபீஸ் போகணும், சட்டையை இஸ்திரி போட்டியா?" என்று கேட்டார். போட்டு வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

இப்போது அத்தான் கொடிக்கம்பத்தின் நிறுவனத்தில் ஓட்டுகிறார். சேர்ந்து பதினாறு மாதம் ஆகிறது. வாரத்துக்கு ஐந்து நாள்தான் வண்டி, முன்பைவிட ஒரு நாள் குறைவு. பலகையையும் தூக்குகிறார், காகிதத்தையும் கேட்கிறார்; புகார் எதுவும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் இருக்கிறார்; வாசல் மணி அடித்தால் ஜோசியம் அந்த இரண்டு நாள்தான்.