மூச்சு விட்ட திராட்சை ரசம்

போன சனிக்கிழமை காலை. காப்பி டம்ளரும் செய்தித்தாளுமாக அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். பின்வாசலில் பக்கத்து வீட்டு புஷ்பபாய் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஒரு எட்டு வந்து பாருங்க. பரணி மூச்சு விடுதாக்கும்!"

பரணி என்றால் இங்கே திருவனந்தபுரத்தில் ஊறுகாய் போடும் பெரிய பீங்கான் ஜாடி. அது மூச்சு விடுகிறதாமே? பத்திரிகைத் தொழிலில் விதவிதமான செய்திகளைக் கேட்டவள்தான் நான். இப்படி ஒன்று காதில் விழுந்ததில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன்.

உண்மைதான். சமையலறை மூலையில் இடுப்புயர பரணி. வாயில் கட்டிய வெள்ளைத் துணி மெல்ல உப்புகிறது... அமுங்குகிறது... மறுபடி உப்புகிறது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"உள்ளே என்ன?"

"திராட்சை ரசம், அக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வச்சது."

அவ்வளவுதான் சொன்னார். புஷ்பபாய் ஏன் வெளிறிப்போயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

புஷ்பபாயின் கணவர் செல்வராஜ் சார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். பாறசாலைப் பக்கத்துக்காரர். அவர்கள் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளர். மற்றவர் வீட்டு ஹாலில் கல்யாண போட்டோ மாட்டியிருக்கும் இடத்தில், இவர் வீட்டில் இளம் வயதில் கையெழுத்துப் போட்ட மதுவிலக்கு உறுதிமொழிப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கல்யாண போட்டோ? அது பெட்ரூமில்.

இவர்களுடைய ஒரே மகள் ஷீபா, கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் பாடம் சொல்லித் தருகிறாள். அவளைப் பார்க்க, மார்த்தாண்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அன்று முற்பகல் வருகிறார்கள். பையனும் பெண்ணும் ஏற்கெனவே பார்த்துப் பேசியாயிற்று. இரண்டு பேருக்கும் பிடித்தும்போயிற்று. ஷீபாவின் முகத்தைப் பார்த்தாலே எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். பாக்கி ஒரே ஒரு தடைதான் - பையனின் அம்மா தங்கபாய்.

தங்கபாய் அம்மாள் நகை கேட்கவில்லை. ரொக்கம் கேட்கவில்லை. பெண்ணின் நிறத்தைக்கூடக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த வீட்டில் யாராவது குடிப்பார்களா? சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட அண்ணன் உட்பட. மூத்த மகனுக்குப் பேசி முடித்த ஒரு சம்பந்தத்தை, பெண் வீட்டில் கொடுத்த பிளம் கேக்கில் ரம் வாடை வந்தது என்பதற்காக, தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் முறித்தவர் அவர்.

கேக்குக்கே அந்த கதி. இங்கே பரணி மூச்சு விடுகிறது!

சரி, விருந்தினருக்குக் கொடுக்கக் கடையில் கலர் வாங்கி வைத்தால் போதாதா? இப்போதுதான் பெரிய பெரிய பிளாஸ்டிக் பாட்டில்களில் வருகிறதே! வீட்டுக்கு யார் வந்தாலும் பாட்டிலைத் திருகித் திறந்து, டம்ளரில் நுரை தளும்ப ஊற்றிக் கொடுத்துவிட்டால் உபசாரம் முடிந்தது. அடுப்பு பற்றவைக்க வேண்டாம்.

புஷ்பபாய்க்கு அதில் உடன்பாடில்லை. "ஏப்ரல் மாச வெயிலில அவ்வளவு தூரம் அடிச்சுப் பிடிச்சு வாறவங்களுக்கு சர்க்கரைத் தண்ணியும் காத்துமா குடுக்குறது?" என்பார். திருவனந்தபுரத்து வெயிலை வெளியூர்க்காரர்கள் குறைத்து எடை போடுகிறார்கள். நிழலில் நின்றாலும் வியர்க்கிற ஊர் இது. போதாக்குறைக்குக் கரண்ட் கட். உடம்பில் இருக்கிற உப்பும் நீரும் சட்டையில்தான் இருக்கும். வந்தவருக்குத் தேவை உடம்பு கேட்கிற பானம். விளம்பரம் கேட்கச் சொல்கிற பானம் அல்ல. இந்த விஷயத்தில் நான் புஷ்பபாய் கட்சி.

தவிரவும் திராட்சை ரசம் அவர் கைதேர்ந்த வித்தை. அவர்கள் சபையில் திருவிருந்துக்குப் புளிக்காத ரசம்தான் தர வேண்டும். பல வருடமாக அதைக் காய்ச்சிக் கொடுப்பவர் புஷ்பபாய். சாலை மார்க்கெட்டில் கறுப்புப் பன்னீர் திராட்சை வாங்கி, காம்பு ஆய்ந்து, கழுவி, தோல் வெடிக்கும்வரை வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்டி, சர்க்கரை சேர்த்து மறுபடி ஒரு கொதி. கொதிநீரில் போட்டு எடுத்த பாட்டிலில், சூடு ஆறுவதற்குள் கழுத்துவரை ஊற்றி மூடிவிடுவார். ஒருநாளும் கெட்டதில்லை.

இந்தத் தடவை மட்டும் ஏன்?

அளவு கூடிப்போயிற்று. வருகிறவர்கள் ஒரு வேன் நிறைய என்று தகவல் வந்ததும், திராட்சையைப் பெட்டிக் கணக்கில் வாங்கிவிட்டார். காய்ச்சி முடித்த பிறகுதான் பாட்டில் போதாது என்று தெரிந்தது. இருந்த நாலு பாட்டிலும் சபைத் திருவிருந்துக்கு ஒதுக்கியவை. அடுத்த வீட்டு ஏலியாம்மா சேச்சியிடம் ஒரு பரணி கேட்டு வாங்கினார். பளபளவென்று சுத்தமான பரணி. உள்ளே ஊற்றி, துணி கட்டி, புதன்கிழமை மூலையில் வைத்தார். சனிக்கிழமை அது மூச்சு விடுகிறது.

நான் போனபோது செல்வராஜ் சார் பரணியைச் சுற்றி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தார். துணியை அவிழ்த்தோம். ஊதா நிறத்தில் நுரை. குப்பென்று ஒரு வாசனை.

"புளிச்ச வாடையா, வேற வாடையா?" என்றார் சார்.

"வேற வாடைன்னா எப்பிடி இருக்கும்?" என்றார் புஷ்பபாய்.

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"நீங்கதானே மதுவிலக்கைப் பத்தி மணிக்கணக்கா பேசுதீய!"

"பேசுறதுக்கு வாடை எதுக்குடீ?"

ஷீபா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, ஒரு சொட்டு நாக்கில வச்சுப் பாருங்களேன்" என்றாள். சார் இரண்டடி பின்னால் போனார். உறுதிமொழி இருக்கிறதே! ஒருவேளை அதுவாக இருந்துவிட்டால்?

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரிக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. எங்கள் வீட்டில் போதை என்றால் வெற்றிலைதான் என்று சொல்லிக் கழன்றுகொண்டேன்.

விசித்திரமான நிலைமை. வீட்டில் இருப்பது ஜூஸா, சாராயமா என்று தீர்ப்புச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தகுதி இல்லை.

கடைசியில் ஏலியாம்மா சேச்சியையே கூப்பிட்டோம். கோட்டயத்துக்காரர். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே வைன் போட்டு, கேக்கோடு தெரு முழுக்க அனுப்புகிறவர். புஷ்பபாய் வீட்டுக்குக் கேக் மட்டும். சேச்சி பரணிக்குள் கரண்டியை விட்டு எடுத்தார். முகர்ந்தார். கண்ணை மூடி ஒரு வாய் சப்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"எடீ புஷ்பே! இது ஒண்ணாந்தரமாணு! இன்னும் ஒரு மாசம் இருந்தா போதும், என்னுதைக்காட்டி நல்லா வரும்."

புஷ்பபாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் நல்லா கொதிக்க வச்சேன், சேச்சி. அது எப்பிடிப் பொங்கும்?"

"நீ கொதிக்க வச்சு. பரணியைக் கொதிக்க வச்சோ?" சேச்சி குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை, பெருமைதான் இருந்தது. "அது என் வைன் பரணியாணு. சோப்பு போடமாட்டேன், சுடுவெள்ளம் ஊத்தமாட்டேன். பச்சைத் தண்ணியில ஒண்ணு அலசி வெயில்ல கவுத்தி வைப்பேன், அவ்வளவுதான். உள்ளே பிடிச்சுக் கிடக்குற ஆளுகள் உண்டு. அடுத்த வருஷத்து வைனை அவங்க பாத்துக்கும்."

நொதிக்க வைக்கிற அந்த ஆளுகள்தான் ஆளைப் பார்க்காமல் மதுவிலக்குச் சங்கச் செயலாளர் வீட்டிலும் கடமையைச் செய்துவிட்டார்கள்.

"அதைக் கொட்டிக் களையண்டா, நான் எடுத்துக்கிடலாம்" என்று சேச்சி பரணியின் காதைப் பிடித்தார். செல்வராஜ் சார் குறுக்கே வந்தார். "மன்னிக்கணும் சேச்சி. நான் எடுத்துக் குடுத்தா, நான் ஊத்திக் குடுத்த கணக்காக்கும்."

ஆணும் பெண்ணுமாகப் பரணியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கத்து வாழை மூட்டில் கவிழ்த்தோம். சேச்சி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. மரணச் சடங்கில் நிற்பவர்போல் நின்றார்.

சரி, வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

"சம்பாரம்" என்றேன். மசாலா தட்டிப் போட்ட இந்த ஊர் நீர்மோர்.

உடனே வேலை ஆரம்பமாயிற்று. சார் ஸ்கூட்டரில் ஸ்ரீவராகம் போய், தெரிந்த மெஸ்ஸில் ஒரு பெரிய தூக்கு நிறையத் தயிர் வாங்கி வந்தார். என் வீட்டுத் தயிர், சேச்சி வீட்டுத் தயிர் எல்லாம் ஒன்றாயின. கொஞ்சம் புளித்த தயிராக இருந்தால்தான் சம்பாரத்துக்கு நல்லது. மத்தால் கடைந்து, திரண்ட வெண்ணெயை எடுத்துவிட்டு, தாராளமாகத் தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை - நான்கையும் அம்மியில் ஒரு தட்டு தட்டினால் போதும். அரைத்தால் காரம் தொண்டையைப் பிடிக்கும். எலுமிச்சை இலை இரண்டைக் கையால் கசக்கிப் போட்டு, உப்பு சேர்த்து, சற்று ஊறவிட்டு வடிகட்டவேண்டும். மண்பானையில் ஊற்றினால் ஐஸ் வேண்டாம். மோர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை. முடிந்தது கதை.

வீட்டுப் பானத்தைப் பற்றி நான் கண்ட ஒரு உண்மை உண்டு. அதன் ஆயுள் ஒரு பகல்தான். காலையில் செய்து சாயங்காலத்துக்குள் குடித்துத் தீர்த்தால் மருந்து. நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று சேர்த்து வைத்தால் அது தன் இஷ்டத்துக்கு வேறு ஏதாவதாக மாறிவிடும். மாறாமலே மாசக்கணக்கில் கடை அலமாரியில் நிற்கிற பானம் இருக்கிறதே... அதைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டும்.

வேன் வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே!

தங்கபாய் அம்மாள் முதலில் இறங்கினார். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. "கை கால் கழுவணும், தண்ணி எங்க?" என்று கேட்டபடியே, யாரும் வழிகாட்டுவதற்குள் வீட்டின் பக்கவாட்டில் நடந்து நேராகப் பின்பக்கம் போய்விட்டார்.

அங்கே ஷீபா. பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, பரணியைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். வாழை மூட்டில் ஊதாக் குளம். வெயில் ஏற ஏற வாசனையும் ஏறியிருந்தது.

அந்த அம்மாள் நின்றார். மூக்கை ஒருமுறை சுளித்தார். குடையை மடக்கினார்.

"என்ன மோளே இது?"

பின்னாலேயே ஓடிவந்த புஷ்பபாய், "அது வந்து... வினிகர்..." என்று ஆரம்பித்தார். வாழ்க்கையிலேயே முதல் பொய்யாக இருக்க வேண்டும். அவ்வளவு மோசமாகச் சொன்னார்.

ஷீபா நிமிர்ந்தாள். பரணியை விட்டுக் கையை உதறினாள்.

"வினிகர் இல்ல, மாமி. உங்களுக்காக அம்மா காய்ச்சின திராட்சை ரசம். பரணி இரவல். அது வைன் போடுற பரணின்னு அம்மாவுக்குத் தெரியாது. உள்ளே பொங்கிப் போச்சு."

"பொங்கிப் போச்சுன்னா? சாராயமா?"

"அதுதான் எங்களுக்குத் தெரியல்ல. அப்பா நாக்கில வைக்க மாட்டேன்னுட்டாரு. அம்மாவுக்கு வாடை பிடிபடல்ல. எனக்கும் தெரியல்ல. பக்கத்து வீட்டு சேச்சியைக் கூப்பிட்டு ருசி பாக்கச் சொன்னோம். ஆமான்னாங்க. கொட்டிட்டோம்."

தங்கபாய் அம்மாள் அவளையே பார்த்தார். ரம் கேக்கின் தட்டு எனக்கு ஞாபகம் வந்தது. வேனின் டிரைவர் இன்னும் இன்ஜினை நிறுத்தவில்லை.

"வீட்டுல ஒருத்தருக்குமே தெரியல்லியா?"

"இல்ல, மாமி."

"இது என்னன்னு கண்டுபிடிக்கவே வெளிய இருந்து ஆளு கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

"எந்த சேச்சி?"

ஏலியாம்மா சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, வகுப்பில் பதில் சொல்லும் மாணவிபோல் கையைத் தூக்கினார்.

தங்கபாய் அம்மாளின் உதடு லேசாகத் துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு! குழாயைத் திருகி, கையையும் காலையும் நிதானமாகக் கழுவினார். ஈரக் கையால் ஷீபாவின் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து, நீவி, தோளில் சரியாகப் போட்டுவிட்டார். புஷ்பபாய் பக்கம் திரும்பினார்.

"நாலு மாசமா உங்க சபையில, பள்ளிக்கூடத்தில, கடைவீதியில எல்லாம் விசாரிச்சாச்சு. இனி ஒண்ணும் விசாரிக்காண்டாம். குடிக்க என்ன இருக்கு?"

சம்பாரம் இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தார். மூன்றாவதைக் கையில் வாங்கிக்கொண்டு, ஹாலில் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரிடம், "ஆவணியில தேதி பாத்திருவோம்" என்றார். புஷ்பபாய் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் அழுதார். சார் எல்லோருக்கும் தெரியும்படியாகவே அழுதார்.

எல்லாம் சுபம்தான். ஆனாலும் தொழில் புத்தி சும்மா இருக்குமா? செயலாளர் வீட்டில் மூன்று பேர் மூக்கருகே வைத்தும் பிடிபடாத வாடை... தங்கபாய் அம்மாளுக்கு மட்டும் முற்றத்தில் கால் வைத்ததுமே எப்படிப் பிடிபட்டது?

கேட்கலாம் என்று வாயெடுத்தேன். ஷீபா என் கையில் ஒரு டம்ளர் சம்பாரத்தைத் திணித்தாள். கேள்வியையும் சேர்த்துக் குடித்துவிட்டேன்.